உறுப்பினர் பண்ணையில் உபரி விளைச்சலைப் பங்கிடுவது எப்படி?

பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிட்டு, விளைவதில் ஒரு பங்கை வாரந்தோறும் கூடையாகப் பெற்றுக்கொள்ளும் குடும்பங்களை நம்பி நடக்கும் காய்கறிப் பண்ணைகள் தமிழ்நாட்டிலும் நகரங்களை ஒட்டி ஆங்காங்கே உருவாகியிருக்கின்றன. இப்படியொரு பண்ணையைத் தொடங்குகிறவர்கள் முதலில் அஞ்சுவது பற்றாக்குறையைத்தான். கூடை நிறையாவிட்டால் கொடுத்த வாக்கு என்னாவது என்ற கவலை நியாயமானதே. ஆனால் அறுபது குடும்பங்களுக்குக் கூடை நிரப்பும் ஒரு பண்ணையில் ஆறு ஆண்டுகளாகப் பறிப்புக் கணக்கு எழுதிவருகிற எனக்கு, பற்றாக்குறையைவிட உபரிதான் உறவைச் சோதிக்கிறது என்று தோன்றுகிறது. மழை பொய்த்துக் கூடை மெலிந்தால் உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கேட்காத காய் வாரா வாரம் குவிந்தால் அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டத் தயங்குகிறார்கள்.

முதல் ஆண்டில் இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய சுரை புரட்டாசியில் கட்டுக்கடங்காமல் காய்த்தது. வீணாகக் கூடாதே என்று எல்லாக் கூடையிலும் இரண்டிரண்டு காயைச் சேர்த்தோம். மூன்றாம் வாரம் கூடை வாங்க வந்த ஓர் அம்மா, "ஏனுங்க தம்பி, வீட்டுல நாங்க ரெண்டே பேருங்க. போன வாரத்துக் காயே கெடக்குது. பக்கத்து வீட்டுக்கும் குடுத்தாச்சு, வேலைக்கு வர்ற புள்ளைக்கும் குடுத்தாச்சு, மிச்சம் குப்பைக்குத்தான் போகுது. மனசு கேக்கலீங்க" என்றார். நாங்கள் வீணாகாமல் தடுத்ததாக நினைத்திருந்தோம்; உண்மையில் வீணாகும் இடத்தைத் தோட்டத்திலிருந்து அவருடைய அடுக்களைக்கு மாற்றியிருந்தோம். அன்றிலிருந்து எங்கள் பண்ணையில் ஒரு விதி உண்டு: உபரியில் முதல் உரிமை உறுப்பினருக்கு, ஆனால் அவரைக் கேட்காமல் எதையும் திணிப்பதில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லும் நடைமுறைகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவையே.

உபரி யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு விடை தெளிவாக இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடுகள் நிலைக்காது. கடையில் காய் வாங்குபவர் எடைக்குப் பணம் கொடுக்கிறார். உறுப்பினரோ விதைக்கும் முன்னரே, விளையுமா விளையாதா என்று தெரியாத நிலையில், பண்ணையின் செலவில் ஒரு பகுதியை ஏற்கிறார். மெலிந்த வாரத்தின் நட்டத்தை அவர் தாங்குகிறார் என்றால், கொழுத்த வாரத்தின் மிகுதியும் அவருடையதுதான். பங்குக்கு இவ்வளவு கிலோ என்று எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சந்தைக்கு ஏற்றும் பண்ணை, நட்டத்தில் மட்டும் உறுப்பினரைக் கூட்டாளியாக்கிக்கொள்கிறது.

ஜப்பானில் 1970களில் வளர்ந்த 'தெய்க்கெய்' என்ற உழவர்-நுகர்வோர் கூட்டு முறை இதைத் தொடக்கத்திலேயே யோசித்திருந்தது. 1971இல் தொடங்கப்பட்ட ஜப்பான் இயற்கை வேளாண் சங்கம் 1978இல் இம்முறைக்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தது. கலந்து பேசித் திட்டமிட்டு விளைவிக்க வேண்டும், அப்படி விளைந்த அனைத்தையும் நுகர்வோர் ஏற்றுக்கொள்ள வேண்டும், விலையில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையில் 1985இல் ஆப்பிள் பங்குகளோடு தொடங்கி மறு ஆண்டு காய்கறிக்கு விரிந்த முறையும் விளைச்சலைப் பங்காகப் பிரிப்பதுதான், எடைபோட்டு விற்பதன்று. 'விளைந்த அனைத்தையும் ஏற்பது' என்ற ஜப்பானியக் கொள்கையை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் 'கலந்து பேசித் திட்டமிடுவது' என்ற கொள்கை இல்லாமல் அதை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் சுரைக்காய்த் தவறு அப்படிப்பட்டது.

ஆகவே, உபரி வந்தால் என்ன செய்வோம் என்பதை உறுப்பினர் பணம் கட்டும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அரைப் பக்கம் போதும். கூடையில் எவ்வளவு வரை கூட்டுவோம், அதற்கு மேல் போனால் யாருக்கு எந்த வரிசையில் கொடுப்போம், எதற்குக் கூலி மட்டும் வாங்குவோம், ஊருக்குப் போகும் வாரத்துக் கூடை என்னாகும், வெளியே கொடுப்பது எப்போது என்ற ஐந்தும் அதில் இருந்தால், பிறகு எழும் பேச்சுகளில் பெரும்பாலானவை எழாமலேயே போகும்.

முன்கூட்டியே கணிப்பது

பறித்துக் குவித்த பிறகு யோசிப்பதுதான் பெரும்பாலான பண்ணைகள் செய்யும் பிழை. பறித்த காய்க்கு நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. கூடை கொடுப்பது சனிக்கிழமை என்றால், புதன்கிழமை காலையில் ஒருவர் வரப்பைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பயிரிலும் பத்துச் செடிகளை மட்டும் எண்ணி, மொத்தச் செடிக் கணக்கால் பெருக்கிப் பார்த்தால் ஓரளவு சரியான மதிப்பு கிடைக்கும். தக்காளியில் வெளுத்து நிறம் திரும்பத் தொடங்கிய காயை எண்ண வேண்டும். அவைதான் சனிக்கிழமைக்குள் செங்காயாகும். சுரையில் பிஞ்சு பிடித்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பறிப்புக்கு வருவதால், இன்றைய பிஞ்சைப் பார்த்தால் அடுத்தடுத்த கூடைகளே தெரிந்துவிடும். வெண்டையில் பூத்த நான்கு முதல் ஆறு நாளில் காய் பறிக்கத் தயாராகிவிடும் என்பதால் அந்த வாரத்துக்கு மேல் கணிக்க முயல்வது வீண்.

கணித்த உபரியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: காத்திருக்கும் காய், காத்திருக்காத காய். என் பார்வையில் உபரி மேலாண்மையின் பாதி இந்தப் பிரிப்பிலேயே முடிந்துவிடுகிறது.

வெண்டை, வெள்ளரி, கொத்தவரை ஆகியவற்றை வேண்டுபவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பறித்தே ஆக வேண்டும். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் நாராகிவிடுவதோடு, செடி விதை முற்றவைப்பதில் இறங்கிப் புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறித்த காயின் நுனியை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் கூடைக்கு, வளைந்து நாராகத் தொங்கினால் மாட்டுக்கு. முற்றிய வெண்டையை உபரி என்ற பெயரில் உறுப்பினருக்குக் கொடுப்பது அவரை மதிக்காத செயல். கீரை இன்னும் அவசரமானது. அன்று காலை வேரோடு பிடுங்கி, மண் உதறி, ஈரச் சாக்கில் சுற்றி, அன்றே கைமாற வேண்டும்.

மறுபக்கம், முற்றிய பூசணியைக் காம்பு ஒடியாமல் அறுத்துக் காற்றோட்டமான பரணில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். சேனைக்கிழங்கை உடனே தோண்ட வேண்டியதில்லை; ஈரம் தேங்காத மண்ணிலேயே சில காலம் விட்டுவைக்கலாம். சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவிட்டு, பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்து உழவர்கள் போடுவது போலக் காற்று ஊடாடும் பட்டறை (வெங்காயச் சேமிப்பு அடைப்பு) போட்டு வைக்கலாம். இப்படிக் காத்திருக்கும் காயை மிகுந்த வாரத்தில் கொடுத்துத் தீர்ப்பதைவிட, மெலிந்த வாரத்துக்கு ஒதுக்கிவைப்பது உறுப்பினருக்கு இரட்டிப்பு நன்மை. ஐப்பசி அடைமழையில் கீரை அழுகி, தக்காளி வெடித்துக் கூடை வெறுமையாகும்போது, பரணிலிருந்து இறங்கும் ஒரு பூசணிக் கீற்றின் அருமை தெரியும்.

இரண்டுக்கும் நடுவே நிற்பவை தக்காளி, கத்தரி போன்றவை. இவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் திணிப்பது தவறு. 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே பழுக்காத தக்காளி பிறகு சரியாகப் பழுக்காது, கத்தரியின் தோலில் குழி விழுந்து கறுக்கும். இவற்றுக்குப் புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, மின்சாரம் தேவைப்படாத செங்கல் குளிர் அறை நன்றாகப் பொருந்துகிறது. நிழலான இடத்தில் 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலத்துக்குச் செங்கல் தளம் பாவி, அதன்மேல் 7.5 செ.மீ. இடைவெளி விட்டு இரட்டைச் சுவரை 67.5 செ.மீ. உயரத்துக்கு எழுப்பி, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலையும் சுவரையும் தண்ணீரால் நனைத்து, மேலே ஓலைத் தட்டியால் மூடி வைத்தால், ஏறத்தாழ 100 கிலோ காய் உள்ளே தங்கும். வறண்ட வெயில் நாளில் உள்வெப்பம் வெளியைவிட 10 டிகிரிக்கும் மேல் குறைந்திருக்கும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்திலும் அடைமழை நாள்களிலும் இதன் பலன் குறைவு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பங்கிடும் நாளில்

எங்கள் நடைமுறையை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். அறுபது குடும்பங்களுக்குத் தலைக்கு ஒரு கிலோ என்று 60 கிலோ தக்காளி திட்டமிட்ட வாரத்தில், 240 கிலோ வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமைக் கணிப்பிலேயே இது ஏறத்தாழத் தெரிந்திருக்கும். அன்று மாலையே எல்லா உறுப்பினருக்கும் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறோம்: "இந்த வாரம் தக்காளி மிகுதி. கூடைக்கு 2 கிலோ வரும். ஒரு கிலோ போதும் என்பவர்கள் வெள்ளி மாலை 6 மணிக்குள் சொல்லவும். தொக்குக்கோ வற்றலுக்கோ 10 கிலோ வேண்டுவோர் பெயர் கொடுக்கவும். பறிப்புக் கூலி மட்டும்."

பறித்த 240 கிலோவில் வெடித்ததும் பூச்சி துளைத்ததுமாகப் 10 கிலோ முதலிலேயே மாட்டுக்கும் எருக்குழிக்கும் போய்விடுகிறது. அறுபது கூடைக்கும் இரண்டிரண்டு கிலோ என்று 120 கிலோ. மிஞ்சும் 110 கிலோவில், கூடை வாங்கும் இடத்தில் போடும், வேண்டியவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் பொது மேசைக்கு 20 கிலோ. பெயர் கொடுத்த ஏழு குடும்பங்களுக்குப் பத்துப் பத்துக் கிலோ. கடைசி 20 கிலோ, நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் முதியோர் இல்லத்துச் சமையற்கட்டுக்கு. சனிக்கிழமை மதியத்துக்குள் கிடங்கு காலியாகிவிட வேண்டும் என்பதே குறி.

இதில் கூடையை இரு மடங்குக்கு மேல் உயர்த்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் ஒரு காயை வழக்கத்தைவிட இரு மடங்கு சமைத்துவிடும். மூன்று மடங்கு சமைக்காது. கூடையின் பங்கு கட்டிய பணத்தின் அளவில்தான் போக வேண்டும்: முழுப் பங்குக்கு இரண்டு கிலோ என்றால் அரைப் பங்குக்கு ஒன்று. பொது மேசையிலோ பங்கு அளவு பார்ப்பதில்லை. வீட்டில் எத்தனை பேர், என்ன சமைக்கிறார்கள் என்பதை அவரவரே அறிவார். அதே மேசையின் ஓரத்தில் ஒரு மாற்றுக்கூடையும் வைக்கிறோம். பாகற்காய் ஆகாதவர் தன் பாகற்காயை அதில் போட்டுவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடை பார்க்காமல் ஒன்றுக்கு ஒன்று என்று விட்டுவிடுவது நல்லது. தராசு வைத்தால் வரிசை நீள்கிறது, மனத்தாங்கலும் வருகிறது. மேசையைத் தொடக்கத்திலேயே திறந்துவிடாமல், கூடைகளில் பாதி போன பிறகு ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் நிரப்பினால், வேலை முடித்துத் தாமதமாக வருகிறவர்களுக்கும் நல்ல காய் கிடைக்கும்.

எல்லாருக்கும் போதாத உபரியும் உண்டு. பதினெட்டுப் பலாச்சுளைப் பொட்டலம், அறுபது குடும்பம் என்றால் முன்னால் வந்தவருக்கு முன்னால் என்று விடுவது எப்போதும் பக்கத்தில் குடியிருப்பவருக்கே சாதகமாக முடியும். நாங்கள் உறுப்பினர் எண்ணின் வரிசையைப் பின்பற்றுகிறோம்: இந்த முறை 1 முதல் 18 வரை, அடுத்த அரிய பொருளுக்கு 19 முதல் 36 வரை. யாருடைய முறை எதில் நின்றது என்பதைச் சுவரில் ஒட்டிய தாளில் எல்லாரும் பார்க்கலாம். குலுக்கல் சீட்டும் நேர்மையானதே, ஆனால் ஒரே வீட்டுக்கு மூன்று முறை விழுந்துவிட்டால் யாருடைய மனத்துக்கும் அது நேர்மையாகப் படுவதில்லை.

வாங்க வராத கூடையும் உபரிதான். ஊருக்குப் போகிறவர் வியாழனுக்குள் சொல்லிவிட்டால் அவர் பங்கை வேறொரு வாரத்தில் சேர்த்துக் கொடுக்கலாம், அல்லது அவர் விரும்பும் ஒருவருக்குக் கொடுக்கலாம். சொல்லாமல் வராதவரின் கூடையை நேரம் முடிந்து இரண்டு மணி நேரம் வைத்திருந்து, பிறகு பறிப்புக்கு வரும் பெண்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். வெயிலில் குனிந்து பறித்தவர்களின் வீட்டில் அந்தக் காய் இல்லாமல் இருப்பது முறையல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அழுகும் தறுவாயில் கொடுக்காமல், கூடை புதிதாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

வற்றலும் தொக்கும்

பெரிய அளவில் மிகும்போது கைகொடுப்பது பாட்டிகள் அறிந்த வழிதான். கொத்தவரையை உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவைத்து, தண்ணீர் வடித்து, வெயிலில் சலசலவென்று ஒலிக்கும் வரை காயவைக்கலாம். சுண்டைக்காயை லேசாகத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலில் காயவைத்து, மோர் வற்றும் வரை மீண்டும் மீண்டும் அப்படிச் செய்ய வேண்டும். மிளகாய்க்கும் அதே முறை, கீறிவிட வேண்டும் என்பதே வேறுபாடு. முருங்கைக் கீரையை மட்டும் வெயிலில் போடக் கூடாது. நிழலில் உலர்த்தினால்தான் பச்சை நிறம் தங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடி வைத்திருக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்துகொண்டால் ஒரே நாளில் முப்பது கிலோ காய் பாய்க்கு வந்துவிடும். இளம் குடும்பங்களில் பலருக்கு இந்தக் கைப்பக்குவம் தெரியாது என்பதால், பறிப்பு மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பண்ணைக்கே வரவழைத்து மூத்தவர்களைக் கொண்டு செய்துகாட்டச் சொல்வது பயன் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். புளிப்பில்லாத காய்களைப் பச்சையாகவோ வேகவைத்தோ எண்ணெயில் மூழ்கவைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெளியில் வைப்பது ஆபத்து. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த சூழலில்தான் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும். தக்காளித் தொக்கில் புளியும் உப்பும் குறையாமல் சேர்த்து, எண்ணெய் பிரிய வதக்கி, ஈரமில்லாத சீசாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அவரவர் வீட்டுக்குச் செய்துகொள்வது வேறு. பண்ணையே தயாரித்து விலைக்குக் கொடுப்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

மொத்தமாக எடுப்பவர்களிடம் விலை வாங்கலாமா என்று கேட்பார்கள். காய்க்கு விலை வேண்டாம். அதற்கு அவர்கள் முன்பே கொடுத்துவிட்டார்கள். பறிப்புக் கூலியும் பெட்டி, வண்டிச் செலவும் மட்டும் வாங்கினால் கணக்கு நேராகிறது. கூலியும் கொடுக்க விரும்பாதவர்கள் தோட்டத்துக்கு வந்து தாங்களே பறித்துக்கொள்ளலாம். அப்படி வரும் நாளில் எந்தப் பாத்தி, எவ்வளவு முற்றிய காய் என்பதை முதல் செடியில் பறித்துக் காட்டி, காம்பைப் பிடித்துத் திருகாமல் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்ல வேண்டும். குழந்தைகளைத் தக்காளிப் பாத்தியில் விடலாம். சுரைப் பந்தலுக்குள் விட வேண்டாம், கால் பட்டு மூட்டில் கொடி நசுங்கினால் அதன் மேல் பகுதி முழுவதும் வாடிவிடும்.

வெளியே கொடுப்பது

உறுப்பினர் எல்லாரும் எடுத்த பிறகும் மிஞ்சினால்தான் வெளியே பார்க்க வேண்டும். இதில் சந்தையைப் பெரிதாக நம்ப முடியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு: நம் தோட்டத்தில் தக்காளி கொட்டும் அதே வாரத்தில் சுற்று வட்டாரம் முழுவதும் கொட்டுகிறது, ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை சரிந்து, பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாத நாள்கள் வருகின்றன. அடையாள அட்டை வைத்திருக்கும் உழவருக்கு உழவர் சந்தை இதைவிட மேல். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவது திறக்கப்பட்ட அந்த அமைப்பில் இடைத்தரகர் இன்றி நேரடியாக விற்கலாம். அப்படி விற்ற பணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பருவக் கணக்கில் உறுப்பினர் கண்ணில் படும்படி வரவு வைக்க வேண்டும். இல்லங்களுக்குக் கொடுப்பதானால் அவர்கள் சமையற்காரரிடம் முதலில் பேசுங்கள். அவருக்கு 20 கிலோ நல்ல தக்காளி திங்கள்கிழமை பயன்படும், 60 கிலோ கனிந்த தக்காளி ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தால் சுமைதான்.

கடைசியாக, பதிவேடு. ஒவ்வொரு வாரமும் பயிர்வாரியாகத் திட்டமிட்டது எவ்வளவு, பறித்தது எவ்வளவு, கூடை, மேசை, மொத்தமாக எடுத்தவர்கள், வெளி, மாடு என்று எதற்கு எவ்வளவு போனது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். மேசையில் தொடப்படாமல் திரும்பிய காயைச் சிவப்பில் எழுதுங்கள். பருவ முடிவில் உறுப்பினர்களோடு உட்கார்ந்து அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் படித்தால் போதும், அடுத்த நடவு பற்றிய பேச்சு தானாகவே தொடங்கிவிடும். எங்கள் பண்ணையில் தக்காளியை ஒரே நாளில் நடுவதை விட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று தடவையாக நாற்றுவிடத் தொடங்கியது அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான். ஆறு குழி சுரை இருந்த பந்தலில் இப்போது மூன்று குழிதான். மற்ற மூன்றில் பீர்க்கும் புடலும் ஏறுகின்றன.